கிட்டத்துக் கெம்பஸும் தூரத்துக் கொலேஜும்

சென்ற வாரம் எஹலியகொட பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். டை கட்டிய ஒரு தம்பி ஓடிவந்து பளபளப்பான காகிதம் ஒன்றைக் கையில் திணித்தார். வெளிநாட்டுப் படிப்பு விளம்பரம். படத்தில் பச்சைப் புல்வெளி. அதில் பல நிறத்துப் பிள்ளைகள் மல்லாந்து படுத்துச் சிரிக்கிறார்கள்.

புல்லில் படுத்துச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இவர்கள் எப்போது படிக்கிறார்கள்? அந்தப் புல்லில் அட்டைக்கடியே கிடையாதா?

"புள்ளைகள அனுப்புங்க டீச்சர். எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார் தம்பி.

எல்லாமா?

அவரிடம் மேலும் கேள்வி கேட்டிருப்பேன். பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தபோது வேலாயுதத்தின் நினைப்பு வந்தது. இந்தத் தம்பி மட்டும் அவரிடம் மாட்டியிருந்தால்... டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடியிருப்பார்.

வேலாயுதத்தை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் டவுனுக்குப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில், ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் இடத்தில் வேலை. அந்தப் புகையில் கண் எப்போதும் சிவந்திருக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்று குடித்திருக்கிறார் என்பார்கள், இல்லை கோபமாக இருக்கிறார் என்பார்கள். இரண்டும் இல்லை. மனிதர் சந்தேகப்படுகிறார், அவ்வளவுதான். டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தால், கொடுத்தவரே முதலில் ஒன்றை விழுங்கிக் காட்ட வேண்டும் என்று நிற்பாராம். தோட்டத்தில் இதைக் கதையாகச் சொல்வார்கள். நான் கதை என்று நினைக்கவில்லை.

மனைவி சரசு அதே தோட்டத்தில் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். ஒரே மகள் யோகராணி. என்னிடம் படித்த பிள்ளை. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் யோசிக்காமல் பேசுவாள். உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், நிச்சயம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிவிட்டோம். ஆனால் நம் நாட்டில் பாஸ் பண்ணியதும் கெம்பஸ் போய்விட முடியுமா? மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். அமெரிக்காவில் பேராசிரியர். பால் வெட்டும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. மொழிபெயர்க்க யோகாவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினார். போகும்போது, "எங்கள் கொலேஜுக்கு விண்ணப்பித்துப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா ஒரு பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். யோகா டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் அவர்கள் கேட்டதெல்லாம் நிரப்பி அனுப்பியிருக்கிறாள்.

கிடைத்துவிட்டது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, பிளேன் டிக்கெட்... எல்லாம் இலவசம்.

சொல்லி வைத்தாற்போல் அதே பருவத்தில் நம் அரசாங்கப் பல்கலைக்கழகமும் அழைத்தது. இரத்தினபுரியில் பஸ் மாறினால் போய்ச் சேரலாம். இதுவும் இலவசக் கல்விதான், ஆனால் இந்த இலவசம் வேலாயுதத்துக்குப் பழகிய இலவசம்.

குடும்பமாக என் வீட்டுக்கு வந்தார்கள்.

"டீச்சர், சும்மா ஒருத்தன் ஒரு பீடி குடுத்தாலே ஏன்னு கேக்கணும். இவங்க நாலு வருசம் சோறு போடுறாங்களாம். எதுக்குங்க?"

"கெட்டிக்காரப் பிள்ளையள் எங்கட கொலேஜில படிச்சால் எங்களுக்குப் பெருமை எண்டு நினைக்கினம், வேலாயுதம்."

"பெருமைய வச்சு என்னா பண்ணுவாங்க?"

நான் யாழ்ப்பாணத்துக்காரி. இந்தப் பக்கம் படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன். எத்தனை வருடம் ஆனாலும் நான் பேச வாய் திறந்தால் வேலாயுதம் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்வார். மரியாதைதான். அதோடு கொஞ்சம்... வேறொன்றும் இருக்கும்.

"அது என்னா கொலேஜு? பேரு என்னமோ சொல்றா."

"லிபரல் ஆர்ட்ஸ் கொலேஜ்ப்பா" என்றாள் யோகா.

"ஆர்ட்ஸுன்னா சித்திரமா? படம் வரையவா பிளேன்ல போவணும்?"

"இல்லப்பா. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் படிக்கலாம். கணக்கு, சரித்திரம், மியூசிக், தத்துவம்... அப்புறமா எது புடிக்குதோ அத எடுத்துக்கலாம்."

"அப்ப அவங்களுக்கே என்னா சொல்லிக்குடுக்கிறதுன்னு தெரியல."

சரசு மெல்ல, "கமலமும் இப்பிடித்தானே போனா" என்றார்.

கமலம், வேலாயுதத்தின் தங்கை. ஒரு ஏஜன்ட் வந்து தேனாகப் பேசி, வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்கு அனுப்பிவைத்தான். போனவளிடமிருந்து வெகுகாலம் சத்தமே இல்லை. ஒருநாள் திரும்பி வந்தாள். அந்த வீட்டைப் பற்றி அன்றுவரை யாரிடமும் அவள் வாய் திறந்ததில்லை. ஒரே ஒரு தடவை அண்ணனிடம், "கதவ வெளிய பூட்டிருவாங்கண்ணே" என்றாளாம். அதற்கு மேல் அவள் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

இப்போது சொல்லுங்கள், வேலாயுதத்தின் சந்தேகத்தை மூடநம்பிக்கை என்று சிரிக்க முடியுமா?

"கிட்டத்துல உள்ளதுக்கே போவட்டும்" என்று எழுந்தார். யோகாவின் முகம் விழுந்துவிட்டது. அப்போது அவளுக்குத் தூரத்துக் கொலேஜில்தான் ஆசை. மறைப்பானேன், எனக்கும் அதே ஆசைதான். போகிற பிள்ளை போய்விடட்டும் என்று நினைக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டோம். கிட்டத்தில் இருப்பதையும் வேலாயுதம் நம்பவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள், நான் வகுப்பில் இருக்கும்போது பாடசாலைக்கு டெலிபோன் வந்தது. பொலிஸ். சிங்களத்தில், நிதானமான குரல். வேலாயுதம் என்பவரை எனக்குத் தெரியுமா? பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதி வேலியோரம் சந்தேகத்துக்கிடமாக நடமாடினார். விசாரிக்கக் கொண்டு வந்திருக்கிறார்கள். தெரிந்தவர் யார் என்று கேட்டதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார். வர முடியுமா?

அது என்ன காலம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வடக்கில் சண்டை மறுபடி தொடங்கி, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி முளைத்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு தமிழ் ஆள், சிவந்த கண்ணோடு, யூனிவர்சிட்டி வேலியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். நானே பொலிஸாக இருந்திருந்தாலும் பிடித்திருப்பேன்.

யோகாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை. ஒரு தமிழரை நல்லவர் என்று சொல்லி வெளியே எடுக்கப் போகிறேன், என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சாட்சி இந்த மாகாணத்தில் கிடைக்குமா?

பயந்தபடியே நடந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாப்பனேத?"

"ஓம்... யாழ்ப்பாணம்தான். ஆனால் இங்க படிப்பிக்கிறன், கனகாலமாக" என்று சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களம் பயத்தில் இன்னும் மோசமாகிவிடும்.

"இருங்கள்" என்று ஒரு பெஞ்சைக் காட்டினார். அதில் ஏற்கெனவே வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். கோயில் திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. தலை நிமிரவில்லை. அவர்களுக்கு இப்போது ஒரு சந்தேக நபருக்குப் பதிலாக இரண்டு பேர்.

யோகாதான் பேசினாள். அவளுடைய சிங்களம் எஹலியகொட சந்தையில் பிறந்து வளர்ந்த சிங்களம், ஒரு பிசிறு இருக்காது. தான் அந்தக் கெம்பஸுக்குத் தெரிவாகியிருக்கிறாள், அப்பா இடத்தைப் பார்க்க வந்தார் என்று விளக்கினாள்.

"பார்க்க வந்தவர் வாசலால் வரவேண்டியதுதானே? வேலியோரம் என்ன வேலை? யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டால், எல்லாத்தையும் பார்க்க வந்தேன் என்கிறார்!"

அதுவும் நியாயம்தான். வாசலால் போனால், காட்ட வேண்டியதை மட்டும்தானே காட்டுவார்கள் என்பது வேலாயுதத்தின் கணக்கு. அதை இப்போது எப்படி விளக்குவது?

நேரம் போயிற்று. அதிகாரி யாருக்கோ டெலிபோன் போட்டார், வைத்தார், மறுபடி போட்டார். யாரும் எங்களை அதட்டவில்லை. ஆனால் அதட்டாமல் இருப்பதே ஒரு மாதிரி இருந்தது. யோகா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். மகள் முன்னால் இப்படி இருப்பது அவருக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கூடவே விடுதி மேட்ரன், குடையைக் கையில் மடித்துப் பிடித்தபடி. சிங்களப் பிள்ளைகள். எங்களுக்கு முன்பின் தெரியாது. அவர்களில் உயரமானவள் நேராக மேசைக்குப் போய், "மே அபே மாமா, சேர்" என்றாள். இவர் எங்கள் மாமா.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் மாமாவா?"

அவள் கொஞ்சம் தடுமாறினாள். சொந்தமில்லை, காலையில் வேலியோரம் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார் என்றாள். செக்கியூரிட்டி வந்து கூட்டிப் போவதைப் பார்த்துவிட்டு மேட்ரனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன பேசினார்?"

"கேள்விதான் சேர் கேட்டார். காலையில் குழாயில் தண்ணீர் வருமா, சாமத்தில் காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள், தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழ் பேசினால் யாரும் ஏசுவார்களா..." அவள் மற்றவளைப் பார்த்தாள். "அப்புறம் கேட்டைப் பற்றி."

"கேட்டைப் பற்றி என்ன?"

"இரவில் கேட்டை உள்ளே இருந்து பூட்டுவதா, வெளியே இருந்து பூட்டுவதா என்று."

அதிகாரிக்கு அது விளங்கவில்லை. அந்த அறையில் அது விளங்கியவர்கள் மூன்று பேர்தான். யோகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவர் நகரவில்லை.

மேட்ரன் தன் பெயரில் பொறுப்பெடுத்தார். எழுதவேண்டியதை எழுதி, வாங்கவேண்டிய கையெழுத்தை வாங்கி, பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள். "அடுத்த முறை வாசலால் வாருங்கள்" என்றார் அதிகாரி, என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு. நான் எந்த வேலியையும் சுற்றவில்லையே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் இரத்தினபுரியை நெருங்கும்போது வேலாயுதம் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"டீச்சர், புள்ளைய அந்தத் தூரத்துக்கே அனுப்பிருவோம்."

நான் சரியாகக் கேட்டேனா?

"இங்க பொறந்து, இங்க வேல செஞ்சு, நான் யாருன்னு சொல்றதுக்கு இத்தன பேர் வரவேண்டியிருக்கு. இவ பெஞ்சுல ஒக்காந்துகிட்டு என்னையப் பாத்தாளே... வேணாங்க. போவட்டும். அங்க என்னா பண்ணுவாங்கன்னு தெரியாது. இங்க என்னா பண்ணுவாங்கன்னு தெரிஞ்சு போச்சு."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மனிதர் வழிக்கு வந்துவிட்டார்! யோகாவைப் பார்த்தேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "நான் இங்கயே படிக்கிறேன்ப்பா" என்றாள்.

இதை என்னவென்று சொல்ல? காலையில் அப்பா கிட்டம், மகள் தூரம். மாலையில் அப்பா தூரம், மகள் கிட்டம்.

அதற்குப் பிறகு அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் தினமும் சண்டை. சமாதானத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நானும் சமாதானம் பேசப்போய், வேலாயுதம் பக்கம் சேர்ந்து சண்டை போட்டுவிட்டு வருவேன்.

ஒருநாள் யோகா காரணம் சொன்னாள். கொலேஜிலிருந்து ஒரு போட்டோ கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய சஞ்சிகையில் போடவாம். கொழுந்துக் கூடையோடு, தேயிலைச் செடி நடுவில் நிற்கவேண்டுமாம். 'எங்கள் தோட்டம் இறப்பர், நான் கொழுந்தே பறித்ததில்லை' என்று பதில் போட்டாளாம். 'பக்கத்தில் தேயிலைத் தோட்டம் எதுவும் இல்லையா' என்று வந்ததாம்.

"அவங்களுக்கு நான் வேணுமா, கூடை வேணுமான்னு தெரியல டீச்சர்."

வேலாயுதத்தின் மகள் அல்லவா! சந்தேகம் அப்படியே இறங்கியிருக்கிறது. ஆனால் இந்தச் சந்தேகம் எனக்கும் சுருக்கென்றது. கூடைக்காகவா நாலு வருசம் சோறு?

"அவையளோட நேர கதைச்சுப் பார். போட்டோ தரமாட்டன் எண்டு சொல்லு. அதுக்கு என்ன சொல்லினம் எண்டு பாப்பம்" என்றேன்.

கொமியூனிகேஷனுக்குப் போய் டெலிபோன் எடுத்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் பேசினாள். வெளியே நானும் வேலாயுதமும் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு நீண்டது. நடுவில் ஒரு தடவை சிரித்தாள். வேலாயுதம் என்னைப் பார்த்தார். ஏன் சிரிக்கிறாள்?

வெளியே வந்தாள்.

"போட்டோ வேணாமாம். கேட்டது தப்புன்னு மன்னிப்புக் கேட்டாங்க. ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க டீச்சர்."

"அப்புறம் என்னா? போ!" என்றார் வேலாயுதம்.

"இல்லப்பா."

"ஏன் புள்ள? அந்தப் பொலிஸ் ஸ்டேசனுக்கு ரெண்டு புள்ளைக வந்துச்சுங்களே, அதுக்காகவா?"

"அதுவுந்தான். யாருன்னே தெரியாம வந்தாங்கல்ல?"

"அதுக்காக அமெரிக்காவ உடுவியா?"

நான் இடையில் புகுந்தேன். "யோகா, நல்லா யோசி. பயத்தில சொல்லாத. என்ன பயம் உனக்கு? அவையளில சந்தேகமோ?"

கடைக்கார முதலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க மேல இல்ல டீச்சர். எனக்கு என் மேலதான் சந்தேகம். அங்க போனா நான் நல்லா இருப்பேன். இப்பப் பேசுறப்பவே தெரியுது, ரொம்ப நல்லா இருப்பேன். அப்புறம் திரும்பி வரமாட்டேன். அம்மா பால் வாளியோட நிக்கிறத போட்டோல பாத்துட்டு, ஐயோ பாவம்னு நெனச்சுட்டு, அடுத்த வேலையப் பாப்பேன். வேணாம். இப்ப வேணாம்."

திரும்பிப் போகாதவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? எஹலியகொடையிலிருந்து யாழ்ப்பாணம் என்ன, அமெரிக்காவா? நான் அங்கே திரும்பிப் போனேனா? 'திரும்பி வந்துவிடலாம் பிள்ளை' என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வேலாயுதம் நடந்துவிட்டார். தூரத்தில் போய் நின்று முகத்தைத் துண்டால் துடைத்தார். புகைக்கண் என்று நினைத்துக்கொண்டோம்.

கிட்டத்துக்குத்தான் போனாள். சும்மா இனிப்பாக முடிந்தது என்று நினைக்கவேண்டாம். முதல் மாதங்களில் பகிடிவதை. சீனியர்கள் தொண்டை கட்டும்வரை பாட்டுப் பாடவைத்தார்களாம். குழாயில் தண்ணீர் வராத நாட்களும் இருந்தன. வேலியோரம் பேசிய அந்தப் பிள்ளைகள் வேலாயுதத்திடம் அதை மட்டும் மறைத்துவிட்டார்கள் போலும். ஸ்ட்ரைக் வந்து கெம்பஸை மூடியபோது, வீட்டுக்கு வந்து லயத்து வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"போயிருக்கலாமோ டீச்சர்?" என்றாள் அன்று.

அன்று அவள் கேட்டது எனக்கு நெடுநாள் உறுத்தியது.

வேலாயுதம் மாதம் தவறாமல் போவார். வாசலால்தான் போவார். மேட்ரனுக்கு ரம்புட்டான் காலத்தில் ரம்புட்டான், பலாக்காய் காலத்தில் பலாக்காய். மேட்ரன் அதை அவர் முன்னாலேயே சமைத்துச் சாப்பிட்டுக் காட்டவேண்டியதில்லை. இந்தத் தடவை கொடுப்பவர் வேலாயுதம் அல்லவா!

இப்போது யோகா கடைசி வருடம். சமூகவியல் சிறப்புப் பட்டம். போன மாதம் லீவில் வந்தபோது என் வீட்டுக்கு வந்தாள். மேற்படிப்புக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்கப்போகிறாளாம். தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. கமலம் அத்தையிடம் முதலில் அனுமதி கேட்டிருக்கிறாள். அத்தை உடனே சரி என்று சொல்லவில்லை. 'பக்கத்துல வந்து ஒக்காரு' என்றாளாம். அன்று பேசவில்லை. இன்னொரு நாள் கொஞ்சம் பேசினாளாம்.

"இப்பப் போனா திரும்பி வந்துருவேன் டீச்சர். அந்த நம்பிக்கை வந்துருச்சு."

எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. சரசுவுக்கும் இல்லை. வேலாயுதத்தைக் கேட்கவே வேண்டாம், அவர் இப்போதே அந்த நாட்டில் வேலி எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனாலும் இந்த முறை மூவரும் ஒரே பக்கம். பிள்ளை போகட்டும்.

சந்தேகப்பட வீட்டில் நாங்கள் இருக்கிறோம்.